கல்லூரிக்கு எத்தனை நட்சத்திரம்?

(மதுரையில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் இருக்கும் அலுவலர்களுக்கும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி என்று மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் காலையிலேயே பேருந்து பிடித்து வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் என் வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தொடர்பு இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

நான் கணித ஆசிரியர். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பையும் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் மாணவர்கள், "சார், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்று கேட்பார்கள். இப்போது கைப்பேசியை நீட்டி, "சார், இந்தக் காலேஜுக்கு 4.6 போட்டிருக்கு, அந்தக் காலேஜுக்கு 3.9தான் போட்டிருக்கு. இதுலயே சேர்ந்துடவா?" என்று கேட்கிறார்கள்.

இந்த 4.6, 3.9 என்ற எண்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மாணவர்கள் எழுதும் மதிப்புரைகளையும் நட்சத்திரங்களையும் நம்பவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைகள் கேட்கவும் மாட்டார்கள். அவற்றை எப்படிப் படிப்பது, வேறு எவற்றோடு சேர்த்துப் பார்ப்பது, அவற்றில் இல்லாததை நாம் எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் என் பேச்சு.

நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த முடிவு எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளை. நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுவில் கடன் வாங்கியோ கட்டுகிற முதல் பருவக் கட்டணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு கல்லூரி பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போகலாம். நம் பிள்ளை இடையில் நின்றால் பெரும்பாலும் அத்தோடு சரி. பையன் என்றால் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாய்ச்சொல்லிலிருந்து நட்சத்திரத்துக்கு

மதுரை கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். அமெரிக்கன் கல்லூரி 1881இலிருந்து இருக்கிறது. பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரி 1948இல் வந்தது. தியாகராசர் கல்லூரி 1949இல், பாத்திமா கல்லூரி 1953இல், ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி 1965இல், பிறகு 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் இவற்றில் எதில் சேர்வது என்பதை யார் சொன்னார்கள்? ஊரில் ஏற்கெனவே படித்த அண்ணன் சொன்னார், தபால்காரர் சொன்னார், பள்ளி ஆசிரியர் சொன்னார். அதுவும் மாணவர் மதிப்புரைதான். ஆனால் சொன்னவர் யார், அவர் எந்தத் துறையில் படித்தார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதெல்லாம் கேட்டவருக்குத் தெரியும்.

இன்று பொறியியல், கலை அறிவியல், செவிலியம், கல்வியியல், பாலிடெக்னிக் என்று நம்மைச் சுற்றி ஏராளமான நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் படித்த அண்ணன் அக்கா நம் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தைக் கைப்பேசித் திரை பிடித்துக்கொண்டது. சொல்பவர் மட்டும் யாரென்று தெரியாதவராகிவிட்டார்.

சராசரி சொல்வதும் சொல்லாததும்

முதலில் என் பாடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கல்லூரிக்கு 10 பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், சராசரி 4.8. இன்னொன்றுக்கு 300 பேர் போட்டிருக்கிறார்கள், சராசரி 4.1. எது உயர்ந்தது? பிள்ளைகள் 4.8 என்பார்கள்.

இப்போது ஒவ்வொரு கல்லூரிக்கும் புதிதாக இரண்டு பேர் வந்து ஒரு நட்சத்திரம் மட்டும் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கல்லூரியின் கூட்டுத்தொகை 48. அதோடு 2 சேர்ந்து 50 ஆகிறது. 12 பேரால் வகுத்தால் ஏறத்தாழ 4.17. இரண்டாவது கல்லூரியின் கூட்டுத்தொகை 1230. அதோடு 2 சேர்ந்து 1232. 302 பேரால் வகுத்தால் ஏறத்தாழ 4.08. இரண்டே இரண்டு பேர் வந்ததும் ஒன்று 4.8இலிருந்து 4.17க்கு விழுந்துவிட்டது. மற்றது அசையவே இல்லை. ஆகவே எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் எத்தனை பேர் என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பரவல். 100 பேரும் 3 நட்சத்திரம் போட்டாலும் சராசரி 3தான். 50 பேர் 5, 50 பேர் 1 போட்டாலும் சராசரி 3தான். முதல் கல்லூரி எல்லாருக்கும் நடுத்தரமானது. இரண்டாவது கல்லூரியில் பாதிப் பேர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், பாதிப் பேர் நொந்துபோயிருக்கிறார்கள். இவர்கள் யார், அவர்கள் யார் என்று தேட வேண்டும். ஒருவேளை ஒரு துறை நன்றாக இருக்கலாம், இன்னொரு துறையில் ஆசிரியர்களே இல்லாமல் இருக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது ஒரே பானையில், ஒரே அரிசி, ஒரே தீயில் வெந்தால்தான் செல்லும். கல்லூரி ஒரே பானை இல்லை. ஒரே வளாகத்தில் வேதியியல் துறை ஓர் அடுப்பு, வணிகவியல் இன்னோர் அடுப்பு, சுயநிதிப் பிரிவு வேறோர் அடுப்பு. வணிகவியல் மாணவர் போட்ட 5 நட்சத்திரத்தை வைத்து வேதியியலில் சேரக் கூடாது.

இதை வகுப்பிலேயே செய்யலாம். ஒன்பதாம் வகுப்பில் சராசரியும் இடைநிலை அளவும் நடத்துகிறோம். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் நடத்துகிறோம். பாடநூலில் உள்ள கிரிக்கெட் ஓட்டங்களோடு இந்தக் கணக்கையும் ஒருநாள் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எழுதுபவர் யார்?

மதிப்புரை எழுத யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களும்தான் அதிகம் எழுதுவார்கள். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் எழுதாது. சில இடங்களில் எழுதச் சொல்லி எழுத வைப்பதும் உண்டு. சேர்க்கை நேரத்தில் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி சொற்களில், வரிசையாக 5 நட்சத்திரங்கள் வந்து விழுந்திருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இணையத்தில் வரும் போலி மதிப்புரைகள் எல்லாத் துறையிலும் ஒரு தொல்லையாகிவிட்டதால்தான் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரக் குறியீட்டையே கொண்டுவந்தது. மதிப்புரைகளை எப்படித் திரட்டுவது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படி வெளியிடுவது என்று அது சொல்கிறது. ஆனால் அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது.

எழுதாதவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இந்த மதிப்புரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து, முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் திண்டாடிய பெண் எங்கே எழுதியிருக்கிறாள்? காலை ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து, இரண்டு பேருந்து மாறிக் கல்லூரி போகிற பையன் எழுதியிருக்கிறானா? பாதியில் நின்றுபோனவர் எழுதியிருக்கிறாரா? நம் பிள்ளையைப் போன்ற ஒருவர் அந்த 300 பேரில் இல்லை என்றால், அந்த 4.1 நம் பிள்ளைக்கு என்ன சொல்கிறது?

ஆசிரியர்களை மதிப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் இதழில் வந்தது. இணையவழிப் படிப்பு என்பதால் மாணவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஓர் ஆண் ஆசிரியரும் ஒரு பெண் ஆசிரியரும் ஆளுக்கு இரண்டு குழுக்கள் எடுத்தார்கள். ஒரு குழுவில் தம் பெயரிலும், இன்னொரு குழுவில் மற்றவர் பெயரிலும் இருந்தார்கள். யார் உண்மையில் பாடம் எடுத்தாலும், ஆண் என்று மாணவர்கள் நினைத்தவருக்கே அதிக மதிப்பெண் விழுந்தது. திருத்திய பயிற்சிகளை ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தபோதுகூட, பெண் என்று நினைத்தவருக்கு "உரிய நேரத்தில் தருகிறாரா" என்ற கேள்விக்குக் குறைவாகவே போட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் ஆசிரியைகளுக்கு அது புதிய செய்தியாக இருக்காது என்று நினைக்கிறேன்.

அரசுத் தரவரிசைகள் மாணவரைக் கேட்கின்றனவா?

அப்படியென்றால் அரசு வெளியிடும் பட்டியலைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். பார்க்க வேண்டும். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

என்.ஐ.ஆர்.எஃப். என்று நாம் சொல்லும் தேசியத் தரவரிசை 2016 முதல் வருகிறது. முதல் 100 கல்லூரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக் கல்லூரிகளாக இருப்பதில் நமக்குப் பெருமைதான். பல்கலைக்கழகங்களுக்கான கணக்கில் கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றோர் நிலை 20, அனைவரையும் உள்ளடக்குதல் 10, நற்பெயர் 10. இந்த நற்பெயரைச் சொல்பவர்கள் பிற கல்வியாளர்களும் வேலை தரும் நிறுவனங்களும். படிக்கிற மாணவரைக் கேட்பதில்லை. இளங்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு 30 விழுக்காடு ஆராய்ச்சி எவ்வளவு தூரம் உதவும் என்பதும் கேள்விதான்.

விவரங்களைப் பெரும்பாலும் நிறுவனங்களே தருகின்றன. அவை சரிபார்க்கப்படுவதில்லை என்ற புகாருடன் வந்த வழக்கில், நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே 2025 மார்ச்சில் அந்த ஆண்டுப் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பிறகு செப்டம்பரில் பட்டியல் வெளிவந்தது. இது நம் நாட்டில் மட்டும் எழுகிற கேள்வி இல்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் 2ஆம் இடத்தில் இருந்தது. தந்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று அங்கேயே பணியாற்றும் ஒரு கணிதப் பேராசிரியர் 2022இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஆண்டுப் பட்டியலில் அது 18ஆம் இடத்துக்கு இறங்கியது.

நாக் மதிப்பீடு 1994இல் தொடங்கிய அமைப்பினுடையது. அதில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அந்தக் கேள்விகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தினார்கள், ஆசிரியர்கள் தயாரித்து வருகிறார்களா, அகமதிப்பீடு நியாயமாக நடக்கிறதா, உங்கள் பலவீனத்தைக் கண்டு உதவுகிறார்களா என்று நல்ல கேள்விகள். ஆனால் ஒரு கல்லூரியில் மாணவர்களில் 10 விழுக்காட்டினரோ 100 பேரோ, இதில் எது குறைவோ அத்தனை பேர் பதில் சொன்னால் போதும் என்பது விதி. பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் தேசிய மாணவர் கணக்கெடுப்பில் இறுதியாண்டு மாணவர் அனைவரையும் கேட்கிறார்கள். ஒரு படிப்பில் குறைந்தது 10 பேராவது, மொத்தத்தில் பாதிப் பேராவது பதில் சொல்லவில்லை என்றால் அந்தப் படிப்பின் முடிவை வெளியிடுவதே இல்லை. கைப்பேசியில் நாம் பார்க்கும் நட்சத்திரத்துக்கு இப்படி எந்த வரம்பும் கிடையாது.

தேட வேண்டிய இடம்

இவற்றுக்கெல்லாம் நடுவில் நாம் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் ஒரு நல்ல ஆவணம் உண்டு. தேசியத் தரவரிசையில் கலந்துகொள்ளும் நிறுவனங்கள், தாம் அளித்த விவரங்களைத் தம் இணையதளத்திலேயே வைக்க வேண்டும். தர எண்ணை விட்டுவிட்டு அந்த விவரப் படிவத்தைத் திறந்து பாருங்கள். ஒரு தொகுதியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், ஊதியத்தின் இடைநிலை அளவு என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"100 விழுக்காடு வேலைவாய்ப்பு" என்ற விளம்பரப் பலகையை நம் நான்குவழிச் சாலைகளில் எங்கும் பார்க்கிறோம். நூறு யாரில் நூறு? சேர்ந்தவர்களிலா, தேர்ச்சி பெற்றவர்களிலா, வேலைக்குப் பதிவு செய்தவர்களிலா? பகுதி எண்ணைக் கேட்கப் பழக்குங்கள். அதேபோல ஒருவருக்குப் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தால் சராசரி ஏறிவிடும். இடைநிலை அளவு அப்படி ஏறாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் மாதம் 15,000 வாங்கி, ஒருவர் மட்டும் 1,65,000 வாங்கினால் சராசரி 30,000. இடைநிலை அளவு 15,000தான். நம் பிள்ளைக்கு எது கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பொறியியல் என்றால், அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் பருவத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. கலந்தாய்வின் முந்தைய ஆண்டுக் கட்-ஆஃப் விவரமும் கிடைக்கிறது. அதுவும் ஒருவகை மதிப்புரைதான். எந்தக் கல்லூரியை, எந்தப் பாடத்தை மதிப்பெண் உள்ளவர்கள் எடுத்தார்கள் என்று அது சொல்லும். கூட்டம் போன பக்கம் கூட்டம் போவதும் அதில் உண்டு என்பதை மறக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த நிறுவனத்துக்கும் அந்தப் படிப்புக்கும் உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதை யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. பட்டியல்களில் பார்த்துவிட வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு 5 நட்சத்திரம் இருந்தும் பயனில்லை.

குறையைப் படிக்கத் தெரிய வேண்டும்

மதிப்புரையை எப்படிப் படிப்பது என்பதை ஒரு மாணவியோடு சேர்ந்து செய்து பார்த்தேன். அவளை மலர் என்று சொல்கிறேன், அது அவள் பெயர் அல்ல. அப்பா சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வேலை பார்க்கிறார். வேதியியல் படிக்க ஆசை. நான் முதலில் சொன்ன 4.6, 3.9 அவள் கொண்டுவந்ததுதான்.

உட்கார்ந்து இரண்டிலும் 30 மதிப்புரைகளைப் படித்து, ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினோம். 4.6 உள்ள கல்லூரியில் வளாகம், கேன்டீன், கலைவிழா பற்றியே அதிகம் இருந்தது. வகுப்பு, ஆய்வகம் பற்றி மூன்றே பேர் எழுதியிருந்தார்கள். 3.9 உள்ள கல்லூரியில் ஒரே புகார்ப் பட்டியல். வருகைப்பதிவில் கெடுபிடி, வாரத்துக்கு ஒரு தேர்வு, கைப்பேசிக்குத் தடை. மலர் சிரித்துவிட்டாள். "சார், இவங்க திட்டுறதை எல்லாம் கேட்டா எங்கப்பா சந்தோஷப்படுவாரு" என்றாள்.

கெடுபிடி எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒருவருக்குக் குறையாகத் தெரிவது இன்னொருவருக்குத் தேவையாக இருக்கலாம் என்பதுதான் செய்தி. அதே புகார்களில் ஒன்றை மட்டும் நாங்கள் விடவில்லை. பருவத்தின் நடுவில் திடீரென்று ஆய்வகக் கட்டணம் கேட்கிறார்கள் என்று நான்கு பேர், வெவ்வேறு ஆண்டுகளில் எழுதியிருந்தார்கள். வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் ஒரே குறையைச் சொன்னால் அதற்குக் காது கொடுக்க வேண்டும். அவள் அப்பாவே கல்லூரி அலுவலகத்துக்குப் போய், மூன்று ஆண்டுக்கும் என்னென்ன கட்டணம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். வெற்றிலைக் கவுளியின் மேல் இலையை மட்டும் பார்த்து வாங்குபவர் யாரும் இல்லை. பிரித்து உள்ளே பார்த்துத்தான் வாங்குவார்கள். அவருக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்லூரியிலும் அப்படிக் கேட்கலாம், கேட்க உரிமை உண்டு என்று மட்டும்தான் சொன்னேன்.

பிறகு அந்தக் கல்லூரியில் அதே துறையில் படிக்கும் நம் பள்ளி முன்னாள் மாணவிகள் இருவரிடம் மலரைப் பேச வைத்தேன். இருபது நிமிடப் பேச்சில், முப்பது மதிப்புரையில் கிடைக்காதது கிடைத்தது. முதல் பருவத்தில் ஆங்கிலம் சிரமமாக இருந்ததாம். மாலையில் ஒரு பேராசிரியை தமிழில் விளக்கினாராம். மலர் இப்போது அங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

நம் பள்ளியின் பதிவேடு

இதிலிருந்துதான் என் வேண்டுகோள். நாம் தேடும் மதிப்புரையாளர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகள்தான் அவர்கள். நம் பிள்ளைகளின் அதே பேருந்து, அதே பயிற்றுமொழி, அதே வீட்டு நிலைமை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருகிறார்கள். ஏதாவது சான்றிதழுக்குப் பள்ளிக்கே வருகிறார்கள். "எப்படிப்பா இருக்க, காலேஜ் எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். "நல்லாருக்கு சார்" என்கிறார்கள். அத்தோடு விட்டுவிடுகிறோம்.

"எப்படி இருக்கு" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேட்டால் உண்மை வரும். எங்கள் பள்ளியில் ஒரு கோடு போட்ட நோட்டில் பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம்.

1. சென்ற வாரம் கால அட்டவணையில் இருந்த வகுப்புகளில் எத்தனை நடந்தன?
2. உன் வகுப்பில் முதலில் எத்தனை பேர் சேர்ந்தீர்கள்? இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள்?
3. சேரும்போது சொன்ன கட்டணத்துக்கு மேல் எதற்காவது பணம் கட்டினாயா? எவ்வளவு?
4. ஆய்வகத்தில் நீயே செய்கிறாயா, செய்வதைப் பார்க்கிறாயா?
5. திருத்திய விடைத்தாள் கையில் வருகிறதா?
6. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் என்ன உதவி கிடைத்தது?
7. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரி, கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு யார் உதவினார்கள்? பணம் வந்ததா?
8. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்புகிறாய்? விடுதி என்றால் தண்ணீரும் சாப்பாடும் எப்படி?
9. ஒரு பிரச்சினை என்றால் அங்கே யாரிடம் போய்ச் சொல்வாய்? சொன்னால் நடக்கிறதா?
10. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதே கல்லூரி, இதே பாடத்தை எடுப்பாயா?

ஒவ்வொரு பதிலுக்கும் மேலே கல்லூரி, துறை, ஆண்டு ஆகியவற்றை எழுதுகிறோம். பதில் சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. பேராசிரியர் யார் பெயரையும் எழுதுவதில்லை. யாரையும் குற்றம் சாட்ட வைத்திருக்கும் நோட்டு இல்லை அது. மூன்று ஆண்டுக்கு முந்தைய பதிலைப் பழையது என்று குறித்துவிடுகிறோம். துறைத்தலைவர் மாறினால் துறையே மாறிவிடும். பாதியில் நின்ற பிள்ளைகளையும் தேடிப் போய்க் கேளுங்கள். ஏன் நின்றார்கள் என்ற அந்த ஒரு பக்கம், மற்ற பக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தேர்வு முடிவு வரும் நேரத்தில் நம் பள்ளிகளுக்குச் சிலர் வருவார்கள். மாணவர் முகவரிப் பட்டியல் கேட்பார்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இவ்வளவு என்பார்கள். பெற்றோர் நம்மிடம், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்கிறார்களே, அதற்கு விலை பேசுகிறார்கள். பட்டியலும் கொடுக்கக் கூடாது, உறையும் வாங்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கிய நட்சத்திரத்தைக் குறைசொல்ல நமக்கு அப்போதுதான் தகுதி இருக்கும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு

முதலில் சொன்னபடி உங்களிடம் வருகிறேன். மதிப்புரையைப் படிக்கும் பழக்கம் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதில்லை. "பள்ளிக்கூடத்தில் 42 பேர் படிக்கிறார்கள்" என்பது செய்தி. "பள்ளிக்கூடம் அழகாக இருக்கிறது" என்பது கருத்து. இந்த வேறுபாட்டை நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். சத்துணவு எப்படி இருந்தது என்று ஐந்தாம் வகுப்பில் கைதூக்கச் சொல்லி, பதிலைப் பட்டை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இன்று வராத பிள்ளைகளின் பதில் இதில் இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளையை எந்த விளம்பரப் பலகையும் ஏமாற்ற முடியாது.

அதுமட்டுமில்லை. பல ஊர்களில் பெற்றோர் யோசனை கேட்க வருவது தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம்தான். மூத்த பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது கடைசிப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கும். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வரும். அதற்குள் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் பத்து முன்னாள் மாணவர்களிடம் கேட்டு, பத்துப் பக்கம் நிரப்பி வைத்தால் போதும். பக்கத்துப் பள்ளியோடு நோட்டை மாற்றிப் படித்துக்கொண்டால் பத்து இருபதாகும். ஓர் ஒன்றியத்தில் உள்ள பள்ளிகள் சேர்ந்தால், நம் பிள்ளைகள் அதிகம் போகும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைப் பற்றி, அங்கே படிக்கும் நம் பிள்ளைகளின் சொல் நம் கையில் இருக்கும். உணவு இடைவேளையில் அந்தப் பத்துக் கேள்விகளின் படி வேண்டுவோர் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஊருக்கு ஏற்றபடி கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதை எனக்கும் சொல்லுங்கள்.